அயர்லாந்துக் கிராமங்களில் வசித்தவர்கள் சொல்லுங்கள்: மறக்க முடியாமல் நிற்பது எது?

ரோஸ்காமன்வாசி:
2018இல் ஊர் அஞ்சலகங்களை நடத்திவந்த 159 பேர் விருப்ப ஓய்வில் போனார்களே, அந்த அலையில் மூடப்பட்டது எங்கள் ஊர் அஞ்சலகமும். வெள்ளிக்கிழமை அஞ்சலகத்தில் ஓய்வூதியம் கொடுக்கும் நாள். பக்கத்து வீட்டு முதியவர் கோட்டும் டையும் அணிந்து, பூட்டிய அந்தக் கதவின் முன் நின்றிருந்தார். மூடிவிட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்ததும், "மழை வரும்போல இருக்கிறது" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அந்த முகம் என்னை விடமாட்டேன் என்கிறது.

கால்வே அம்மா:
எனக்கு ஏயோவின் புயல்தான், 2025 ஜனவரி 24. எங்கள் கடற்கரையில் உள்ள மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது. நாட்டில் 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்களுடையது சொந்தக் கிணறு; மோட்டார் நின்றால் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. மறுநாள் ஒரு விவசாயி டிராக்டரில் பீப்பாயுடன் வந்து, "குழந்தைக்குப் பால் கரைக்க" என்று இறக்கிவைத்தார். அவருடைய மாடுகளுக்கே தண்ணீர் இல்லாத நேரம். அவரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

மேயோ ஓட்டுநர்:
ரோஸ்காமன்வாசி சொல்வதை ஏற்கமாட்டேன். கிராமத்தில் எதுவுமே இல்லை என்பது பழைய பேச்சு. என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில், வீட்டுக்கு எண் இல்லை, சாலைக்குப் பெயர் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக உள்ள அஞ்சல் குறியீடான ஏர்கோடை, எழுத்தும் எண்ணுமாக ஏழு குறிகளைச் சொன்னேன், ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கு வந்தது. 2015க்கு முன்பு இது நடக்குமா? லோக்கல் லிங்க் என்ற கிராமப்புற பஸ் சேவையில் முன்பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கே வரும் தடங்களும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் முதலில் கார் ஓட்டும் உரிமத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்திய உரிமம் இங்கே ஓராண்டுக்குத்தான்; அதைக் கொடுத்து இந்நாட்டு உரிமம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. எழுத்துத் தேர்வு, பழகுநர் உரிமம், கட்டாயப் பாடங்கள், பிறகு ஓட்டுத் தேர்வு. வந்த வாரமே விண்ணப்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ரோஸ்காமன்வாசி:
ஐயா, எதுவுமே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? நீங்கள் சொல்லும் பஸ்ஸில்தான் செவ்வாய்க்கிழமை நகரத்துக்குப் போய் அந்த முதியவர் பணம் எடுக்கிறார். பணத்தில் குறையில்லை. வெள்ளிக்கிழமை வரிசையில் அவரோடு நின்று பேசியவர்கள் அந்த பஸ்ஸில் வருவதில்லை.