‘ஸ்கிரீனிங்’ வேறு, ‘அசெஸ்மெண்ட்’ வேறு: ‘நோட்டம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உளவியல் மதிப்பீட்டில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையை முழுதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘டெஸ்ட்’ என்பதற்குச் ‘சோதனை’ போதும், பாடநூலில் அப்படித்தானே இருக்கிறது என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். பல்கலைக்கழக மாணவருக்கு அது போதும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்திலிருந்து பிள்ளையை மோட்டாரில் கொண்டுவந்து பள்ளியில் இறக்கிவிடும் அம்மாவுக்கு அது போதவில்லை.

எங்கள் பக்கம் நடப்பது இதுதான். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியர் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நிரப்புவார். எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி விட்டுப் போகிறதா என்பது போன்ற கேள்விகள். குறிகள் நிறைய விழுந்தால் மருத்துவரிடம் போகச் சொல்வோம். அங்கிருந்து உளவியலாளர், அவர் செய்யும் முழு ஆய்வு, அப்புறம் தேவைப்பட்டால் ஓ.கே.யு. கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை), சிறப்புக் கல்வி வகுப்பு. இத்தனை கட்டத்துக்கும் வீட்டில் ஒரே பெயர்தான்: ‘டெஸ்ட்’. தமிழில் சொன்னால் ‘சோதனை’.

போன தவணையில் ஓர் அம்மா அந்தப் பட்டியலை நான்காக மடித்து, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு அலுவலக வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. “சார், பிள்ளை சோதனையில பெயிலா? தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிக் குடுத்துடுவீங்களா?” என்று கேட்டார். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. ஊர்ப் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கிவிட்டார்கள். அந்த அம்மா கையில் இருந்ததோ ஓர் ஆசிரியர் வகுப்பில் கண்டதை வைத்து நிரப்பிய ஒற்றைத் தாள். அதில் நோயும் இல்லை, தேர்ச்சியும் இல்லை. ஆனால் ‘சோதனை’ என்று நாம் சொன்ன பிறகு அவர் வேறு எப்படிக் கேட்பார்? பரீட்சையும் சோதனைதான், கடவுள் தருவதும் சோதனைதான், எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் சோதனைதான். சோதனையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘உஜியான்’ என்பதற்கும் இதே சுமை உண்டு.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது ஸ்கிரீனிங்கையும் (ஆசிரியர் பட்டியல் போன்ற முதல் பார்வை) அசெஸ்மெண்டையும் (உளவியலாளரின் முழு ஆய்வு). பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போன்றது முன்னது. சுட்டால் கிளினிக்குக் கூட்டிப்போவோம். என்ன காய்ச்சல் என்று கை சொல்லாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை விளக்காமல் எந்தச் சொல்லை வைத்தாலும் பயனில்லை. நூறு பிள்ளைகள், அவர்களில் பத்துப் பேருக்கு உண்மையிலேயே வாசிப்புக் குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துவிடுகிறது. மீதித் தொண்ணூறு பேரில் ஐந்தில் ஒருவரைத் தவறாகச் சுட்டுகிறது, அதாவது 18 பேர். மொத்தம் 27 வீடுகளுக்குக் கடிதம் போகும். அதில் 18 வீடுகளில் பிள்ளைக்குக் குறைபாடே இல்லை! இப்படிப்பட்ட தாள்களை வேண்டுமென்றேதான் கொஞ்சம் தாராளமாக அமைக்கிறார்கள், ஏனென்றால் உதவி தேவைப்படும் பிள்ளையைத் தவறவிடுவது அதைவிடக் கெடுதல். இந்தத் தாராளத்தைச் சொல் தாங்க வேண்டும். ‘சோதனையில் தெரியவந்தது’ என்றால் முடிவாகிவிட்டது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

இழையில் வந்த சொற்களைப் பார்ப்போம். ‘திரையிடல்’ வேண்டாம், அது சினிமாக் கொட்டகைக்குப் போய்விட்டது. ஈப்போ ஐயா சொன்ன ‘வடிகட்டல்’ பொருளுக்கு நெருக்கமானது. மலாயில் ‘சாரிங்கான்’ என்பதும் வடிகட்டுவதுதான், கோவிட் காலத்திலிருந்து எல்லாருக்கும் பழகிப்போன சொல். ஆனால் தமிழில் வடிகட்டியதும் மிஞ்சுவது சக்கை. ‘உங்கள் பிள்ளையை வடிகட்டினோம்’ என்று ஒரு தகப்பனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ‘சலித்தல்’ உடனே ‘சலிப்பு’ ஆகிவிடும். ‘முன்சோதனை’யை ஆராய்ச்சிக்காரர்கள் ‘பின்சோதனை’யோடு ஜோடி சேர்த்து வேறு பொருளில் வைத்திருக்கிறார்கள்.

நான் முன்வைப்பது ‘நோட்டம்’. ‘ஒரு நோட்டம் பார்த்துட்டு வா’ என்பது யாரும் அகராதி பார்த்துச் சொல்லும் சொல் இல்லை. மேலோட்டமாகப் பார்ப்பது, ஆனால் கவனத்தோடு பார்ப்பது, முடிவு சொல்லாமல் பார்ப்பது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நோட்டத் தாள், பார்வை நோட்டம், வாசிப்பு நோட்டம், மனநல நோட்டம் என்று நீட்டலாம். பழைய தமிழில் நாணயத்தின் தரம் பார்ப்பதற்கும் நோட்டம் என்று பெயர், பார்ப்பவர் நோட்டக்காரர். இதைச் சான்றாக வைத்து வாதாட மாட்டேன், ஏனென்றால் நாணய நோட்டம் இறுதி முடிவையே சொல்லிவிடும். இன்றைய பேச்சு வழக்கே எனக்குப் போதும்.

இந்தச் சொல்லுக்கு இழையில் பினாங்கு அம்மா ஏற்கெனவே ஒரு மறுப்பு எழுதியிருந்தார்:

> ‘நோட்டம் விடுதல்’ என்றால் திருடன் வீட்டை வேவு பார்ப்பது. மனநலம் என்றாலே பயப்படும் மக்களிடம் இந்தச் சொல்லைக் கொண்டுபோகலாமா?

நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு சொல்கிறேன். வேவு வாடை ‘விடுதல்’, ‘இடுதல்’ என்ற வினைகளோடுதான் ஒட்டியிருக்கிறது. ‘நோட்டம் பார்த்தல்’ என்று வினையை உறுதியாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போய்விடும். அப்புறம், நோட்டம் பார்க்கப்படுவது பிள்ளை அல்ல, பிள்ளையின் வாசிப்பு. ‘பிள்ளையின் வாசிப்பை நோட்டம் பார்த்தோம்’ என்றே எழுத வேண்டும். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார். ‘சோதனை’க்கு மட்டும் திரும்பிப் போக முடியாது.

அசெஸ்மெண்டுக்கு ‘மதிப்பீடு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உளமதிப்பீடு என்பது ஒரு தாளோ ஒரு பெட்டியோ இல்லை. பெற்றோரோடு பேச்சு, பிறந்தது முதலான வரலாறு, வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பது, அதோடு சில அளவிகள், எல்லாம் சேர்த்து ஒருவர் எடுக்கும் முடிவு. அளவி என்று நான் சொல்வது பாடநூலின் ‘சோதனை’யைத்தான். நுண்ணறிவை அளக்கும் வெக்ஸ்லரின் சிறுவர் அளவியில் சிவப்பு வெள்ளைக் கட்டைகள் வரும். சில பக்கம் முழுச் சிவப்பு, சில பக்கம் முழு வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதிப் பாதி. படத்தில் உள்ளபடி பிள்ளை அடுக்க வேண்டும், பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அடுக்கி முடித்ததா என்பதை மட்டும் உளவியலாளர் பார்ப்பதில்லை. எப்படித் தொடங்கியது, தப்பானதும் கலைத்ததா, கையை எடுத்துவிட்டதா என்பதையும் குறிப்பார். (உண்மையான கேள்விகளை இங்கே யாரும் எடுத்துப் போட வேண்டாம். முன்பே தெரிந்துவிட்டால் அளவி கெட்டுவிடும்.)

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் சொல்: ‘நார்ம்’. சிலர் ‘நெறி’, ‘நெறிமம்’ என்கிறார்கள். நெறி என்றால் ஒருவர் நடக்க வேண்டிய வழி. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரே வயதுப் பிள்ளைகள் பலரிடம் அளவியைப் பயன்படுத்தி, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்திருக்கும் கணக்கு, அவ்வளவுதான். வெக்ஸ்லர் அளவிகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15. அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். எந்தப் பிள்ளைகள் என்பதுதான் கேள்வி. ஆகவே ‘ஒப்பளவு’ என்று வைக்கலாம். சொல்லைக் கேட்டதுமே ‘யாரோடு ஒப்பிட்டு?’ என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை 1917 முதல் ஆள் எடுத்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கும் படங்களாலேயே ஓர் அளவி செய்தார்கள். ‘ஆர்மி பீட்டா’ என்று பெயர். படத்தில் எது இல்லை என்று கண்டுபிடித்து வரைய வேண்டும். அவற்றுள் ஒன்று வலை இல்லாத டென்னிஸ் திடல். கப்பலில் வந்து இறங்கிய விவசாயி டென்னிஸ் திடலை எங்கே பார்த்திருப்பார்? வலை வரையாவிட்டால் அவருடைய அறிவுக் கணக்கில் ஒன்று குறைந்தது. படம்தானே, மொழி வேண்டாமே என்று நினைக்கும் இடத்திலேயே இப்படி நடக்கும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்து, வீட்டில் தமிழ், கடையில் மலாய், பள்ளியில் மூன்று மொழி என்று போகும் பிள்ளையை வேறு எங்கோ எடுத்த ஒப்பளவோடு நிறுத்தினால், வருகிற எண்ணில் பிள்ளை எவ்வளவு, மொழி எவ்வளவு? கேள்விகளை மொழிபெயர்த்துவிட்டால் தீராது. ஒப்பளவையும் புதிதாக எடுக்க வேண்டும். 1905-இல் பாரிசில் பினே, சிமோன் என்ற இருவர் முதல் நுண்ணறிவு அளவியைச் செய்ததே பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான், பிள்ளைக்கு முத்திரை குத்த அல்ல.

பெரியவர்களுக்கான தாள்களில் இன்னொரு சிக்கல். மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9 தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை பதில், கூட்டினால் அதிகபட்சம் 27. பத்து அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு பார்ப்பது வழக்கம். இதை ‘மதிப்பெண்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘27-க்கு 18 மார்க்’ என்றால் நல்ல சேதி போலவே இருக்கும்! ‘கூட்டெண்’ என்றாலே போதுமே, பத்து என்பது ‘எல்லை எண்’. அதே போல, அறிகுறி கேட்கும் வரியில் ‘மனச்சோர்வாக உணர்ந்தீர்களா’ என்று நோயின் பெயரையே போடக் கூடாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ‘மனசு சரியில்ல’, ‘ஒரே அசதி’, ‘எதுலயும் புடிப்பு இல்ல’ என்பார்கள். கேள்வி அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மற்றவற்றுக்கு விவாதம் தேவையில்லை. நம்பகம் (திரும்ப அளந்தாலும் ஏறத்தாழ அதே எண் வருவது), ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளப்பது) இரண்டும் இருக்கட்டும். ‘நுண்ணறிவு ஈவு’ம் (ஐ.க்யூ.) இருக்கட்டும். இன்று அது வகுத்து வரும் ஈவு அல்ல என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. தவறாகச் சுட்டப்படுவதற்குப் ‘பொய் நேர்மறை’யைவிட ‘வீண் ஐயம்’ தெளிவு. மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக்கின் அட்டைகள் போன்றவற்றைத் தனி இழையில் பேசுவோம், அவை வேறு வகை.

பள்ளித் துண்டறிக்கைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

> உங்கள் பிள்ளையின் வாசிப்பை ஆசிரியர் நோட்டம் பார்த்தார். இது பரீட்சை அல்ல. நோய் இருக்கிறது என்றும் இதற்குப் பொருள் இல்லை. முழு மதிப்பீட்டுக்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும். மதிப்பீடு எந்த மொழியில் நடந்தது, எந்த ஒப்பளவின்படி என்று உளவியலாளரிடம் நீங்கள் கேட்கலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் இது அச்சுக்குப் போக வேண்டும். கடைசி வரி உளவியலாளரோடு சண்டை போடச் சொல்வது போல இருக்கிறதா என்பதை, குழுவில் மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் பார்த்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர்