மாதவிடாய் நின்ற பின் எலும்புப்புரை: குதிகால் பரிசோதனை மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 56. 47 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. அண்மையில் குதிகாலில் ஒலியலை கொண்டு செய்த பரிசோதனையில் எலும்பு அடர்த்தி குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருக்கிறது. இடுப்பிலோ முதுகிலோ வலியும் இல்லை. என் தாயாருக்கு எழுபது வயதைத் தாண்டியபின், வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. மேலும் பரிசோதனை தேவையா, அல்லது கால்சியம் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வலி இல்லை, இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பவற்றை வைத்து எலும்பு உறுதியாக இருப்பதாக முடிவு செய்ய இயலாது. இதயமும் நரம்புகளும் தசைகளும் இயங்குவதற்கு இரத்தக் கால்சியம் குறுகிய வரம்புக்குள் இருந்தாக வேண்டும் என்பதால், உணவில் அது குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும் காலத்திலும் இரத்த அறிக்கை பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். வலியும் முறிவு ஏற்படும் வரை பொதுவாக வருவதில்லை. முதுகெலும்பு நசுங்குவதுகூடப் பலருக்குத் தெரியாமலே நடந்து, உயரம் சில சென்டிமீட்டர் குறைந்த பிறகுதான் வெளிப்படுகிறது. பழைய உயர அளவு ஏதேனும் உங்களிடம் இருந்தால், இப்போது அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய எலும்பை அரிப்பதும் புதியதைக் கட்டுவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கும் வேலை. அரிக்கும் செல்களைக் கட்டுக்குள் வைப்பதில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. மாதவிடாய் நின்றதும் அந்தப் பிடி தளர்வதால், தொடர்ந்து வரும் சில ஆண்டுகளில் இழப்பு வேகமெடுக்கிறது. 45 வயதுக்கு முன்பே நின்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். நீங்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. ஆனால் தாயாரின் இடுப்பெலும்பு முறிவை நான் அதைவிட முக்கியமாகக் கருதுவேன்.

மறுமொழி 2:
குதிகால் பரிசோதனை யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று காட்டுமே தவிர, எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோயை உறுதி செய்யாது. அதற்கு எக்ஸ்-கதிர் கொண்டு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுக்க வேண்டும். அதில் படும் கதிர்வீச்சு மிகவும் குறைவு. உங்கள் அடர்த்தியை இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் தருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோலின்படி, அது -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை; -1க்கும் -2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு.

இந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதையும் கலங்குவதையும் நான் ஏற்பதில்லை. முறிவுக்கு உள்ளாகும் பெண்களில் பெரும்பாலோரின் டி-ஸ்கோர் -2.5ஐத் தொடாமலே இருக்கிறது; இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பது அதற்குக் காரணம். எனவே வயது, பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு, முன்பு சிறு விழுதலில் எலும்பு முறிந்திருப்பது, குறைந்த உடல் எடை, புகைபிடித்தல், முடக்குவாதம், மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டது ஆகியவற்றையும் சேர்த்து, அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்னும் கருவியை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். பல வழிகாட்டு நெறிகள் 65 வயதிலிருந்து எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேனைப் பரிந்துரைக்கின்றன. உங்களைப் போல ஆபத்துக் காரணி உள்ளவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்று: முதுகில் தேய்மானம் இருந்தால் அங்குள்ள அளவு உண்மையைவிட உயர்வாகக் காட்டக்கூடும் என்பதால் இடுப்பின் அளவையும் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்கிறேன். நாள்தோறும் நடக்கிறேன், அது போதுமா? கால்சியம் எவ்வளவு தேவை?

மறுமொழி 3:
நடப்பது நல்லதே, ஆனால் எலும்புக்குப் போதுமான சுமை கிடைக்க, எடை தூக்குதல் போன்ற தசைப் பயிற்சிகளை வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது சேர்க்க வேண்டும். நீச்சலில் உடலின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் பலன் குறைவு. முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தால், முன்னால் குனிந்து முறுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு, உணவையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. உணவில் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கிட்டு, குறையும் பங்குக்கு மட்டும் மாத்திரை எடுப்பதே முறை. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடல் அதை நன்கு உறிஞ்சாது. வைட்டமின் டி குறைவாக இருந்தாலும் அதே கதைதான். அடர்த்தி மிகவும் குறைந்திருந்தால் தைராய்டு, கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஆகிய சுரப்பிகளின் கோளாறுகள் பின்னணியில் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

ஸ்கேனில் எலும்புப்புரை உறுதியானால் கால்சியம் மட்டும் சிகிச்சையாகாது. எலும்பிழப்பைக் குறைக்க, வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளைத் தரலாம். அதை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கிய பின் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். அதே நோக்கத்துக்காக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கியவர்கள், மருத்துவரிடம் கேளாமல் தவணையைத் தவறவிடக் கூடாது. அதை நிறுத்தியதும் எலும்பிழப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் முறியும் ஆபத்து கூடுகிறது.