ஸ்ப்ரே பூத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போடலாமா? மாடல் பெயின்ட் அடிப்பவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டம்_மினி

1741 குளச்சல் போரை ஒரு டயோராமாவாக, அதாவது சின்னப் பொம்மைகளை வைத்து அமைக்கும் காட்சியாக, செய்துகொண்டிருக்கிறேன். டச்சுக் கம்பெனியின் கப்பல் ஒன்று, கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை. இதுவரை பிரஷ்தான். கப்பலின் பக்கப் பலகைக்கும் கடலுக்கும், காற்றால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இல்லாமல் சரிப்படாது என்று ஒன்று வாங்கிவிட்டேன். பிரச்சினை என்னவென்றால், வீடு சின்னது. அடுத்த அறையில் மகள் தரையில் பாய் விரித்துத் தூங்குவாள், அவளுக்கு இளைப்பு உண்டு. பெயின்ட் தூளையும் வாடையையும் ஃபேன் வைத்து இழுக்கும் பெட்டிதான் ஸ்ப்ரே பூத், நல்லது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வாங்கலாமா? அக்ரிலிக் பெயின்ட், தின்னரில் கரைக்கும் லாக்கர் பெயின்ட் இரண்டும் அடிப்பேன்.

பழையாறு

வேண்டாம் தம்பி. மொட்டை மாடி இருக்கிறதல்லவா? விடியற்காலையில் ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அடித்துவிட்டு இறங்குங்கள். காசு மிச்சம், காற்றும் இலவசம். மிஞ்சும் பணத்தில் ஏர்பிரஷுக்கு நல்ல ஊசியும், கம்ப்ரசர் குழாயில் தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பும் வாங்கினால் வேலையில் தெரியும். பூத் வாங்கியதால் யாருடைய பெயின்டிங்கும் மேம்பட்டதாக நான் பார்த்ததில்லை. வாட்டர் அக்ரிலிக்குக்கெல்லாம் பூத்தே தேவையில்லை.

முட்டம்_விளக்கு

அண்ணே, மாடி யோசனை மற்ற மாவட்டத்துக்குச் சரி. நம்ம குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடி மாதம் மாடியில் நின்று 1/72 அளவுச் சிப்பாய்ப் பொம்மைக்கு பெயின்ட் அடித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. ஏர்பிரஷ் துளி அந்தக் காற்றில் மாடலுக்கு வந்து சேரும் முன்பே காய்ந்துவிடும், பரப்பு சொரசொரவென்று ஆகும். என் வீடு கடலோரம். உப்பும் மணலும் சேர்ந்து வரும். அந்தக் காற்று அடங்கினால் வடகிழக்கு மழை. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டத்தில் வருஷத்தில் எத்தனை நாள் மாடி கிடைக்கும்?

வாட்டர் அக்ரிலிக் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீர் ஆவியாகிப் போகும். நிறமியும் பிசினும் மிக நுண்ணிய தூளாக அறையில் மிதக்கும், அது நுரையீரலுக்குப் போகும். இளைப்பு இருக்கிற குழந்தை உள்ள வீட்டில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, எல்லா அக்ரிலிக்கும் தண்ணீர் பெயின்ட் இல்லை. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்தது, அதையே பலர் லாக்கர் தின்னரில்தான் கலக்குகிறார்கள். அந்தத் தின்னர் பலவற்றில் டொலுயீன் என்கிற கரைப்பான் இருக்கும். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோரம் தங்கப் பார்க்கும். பாய் விரிப்பதும் தரையில்தான்.

தக்கலை_தச்சன்

இரண்டு பேரும் ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள்: பூத் எவ்வளவு காற்றை இழுக்கிறது? பணம் கொடுப்பது அதற்குத்தான், பெட்டிக்கு இல்லை.

கணக்கு எளிது. பூத்தின் வாய் 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம் என்றால் ஒன்றரைச் சதுர அடி. வாயில் காற்று நிமிஷத்துக்கு 100 அடி வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்பது பெயின்ட் பூத்துக்குப் பொதுவாக வைக்கும் அளவு. ஆக நிமிஷத்துக்கு 150 கன அடி. நம்ம கடையில் ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பான், அந்தக் கணக்கில் சுமார் 255. ஆனால் அது ஃபில்டரும் பைப்பும் இல்லாமல் வெறும் காற்றில் அளந்தது. இரண்டையும் மாட்டினால் விழுந்துவிடும். அதனால் தேவைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் பார்த்து எடுங்கள்.

மடக்கிச் சூட்கேஸ் மாதிரி எடுத்துப் போகும் மலிவு பூத்தில் இரண்டு சின்ன ஃபேனும் சுருக்கு ஹோஸும் இருக்கும். அந்த மடிப்பு மடிப்பான ஹோஸ்தான் பாதிக் காற்றைத் தின்கிறது. நான் பிளைவுட்டில் பெட்டி அடித்து, புளோயர் (காற்றை அழுத்தித் தள்ளும் ஃபேன்) மாட்டி, 110 மில்லி பிவிசி பைப்பில் ஜன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறேன். பைப் உள்புறம் வழவழப்பு, நீளம் கம்மி, ஒரே ஒரு பெண்டு (வளைவு). ஊதுபத்தியைக் கொளுத்தி பூத் வாயின் நாலு மூலையிலும் பிடித்துப் பார்ப்பேன். புகை மேலே ஏறாமல் மடங்கி உள்ளே ஓட வேண்டும். கீழ் மூலையில் புகை தயங்கினால் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று அர்த்தம். கடையில் வாங்கியதானாலும் இதைச் செய்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

என் கட்சி: வாங்க வேண்டாம், செய்யுங்கள்.

முட்டம்_விளக்கு

கணக்கெல்லாம் சரி. ஆனால் உங்களுக்கு மரவேலை தெரியும், மோட்டாரும் தெரியும். படிக்கிறவர்களில் பலர் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அட்டைப்பெட்டியில் செருகிவிட்டு “பூத் ரெடி மக்கா” என்பார்கள். அந்த ஃபேனின் இறக்கைக்கு ஃபில்டரை எதிர்த்து இழுக்கும் பலம் இல்லை, மோட்டாரும் தின்னர் ஆவி போகும் வழியிலேயே உட்கார்ந்திருக்கும். கார்பன் பிரஷ் உள்ள பழைய மோட்டார் என்றால் உள்ளே பொறி பறக்கும். டொலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகிற சாமான், நம்ம வெயிலில் கேட்கவே வேண்டாம். நல்ல பூத்தில் புளோயரின் மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்கும். அந்த ஒன்றுக்காகவே பணம் கொடுக்கலாம்.

பழையாறு

தீ பயம் கொஞ்சம் கூடுதல். ஏர்பிரஷ் கப்பில் ஊற்றுவது சில மில்லி. அது அறையைக் கொளுத்தாது.

நான் வேறொன்று கேட்கிறேன். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி, ஆயிரம் கன அடி காற்று. நிமிஷத்துக்கு 150 வெளியே போனால் ஏழு நிமிஷத்துக்குள் ஓர் அறையளவு காற்று வெளியே போய்விடும். வெளியே மழை என்றால் ஈரக்காற்றைத்தானே உள்ளே இழுத்து மாடல் மேல் விடுகிறீர்கள்? லாக்கர் வெள்ளை பூத்துப் போகும். பத்தாயிரம் கொடுத்து அதையா வாங்குவது?

முட்டம்_விளக்கு

இந்த இடத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி. பூத் ஈரத்துக்கு மருந்தில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் ஈரம் படியும், அதுதான் அந்த வெள்ளை. மழை நாளில் மெதுவாக உலரும் ரிடார்டர் கலந்த தின்னர் ஊற்றலாம், இல்லையென்றால் அன்று லாக்கரைத் தொடக் கூடாது. கடைசியில் மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் நான் தை, மாசிக்குத் தள்ளி வைப்பேன்.

தீ விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். சில மில்லி என்பது அடிக்கும்போது. கலர் மாற்ற வெறும் தின்னரை ஊற்றி ஊதித் தள்ளுவோமே, வாடை உச்சத்துக்குப் போவது அப்போதுதான். கேனில் வரும் ஸ்ப்ரே ப்ரைமர் அதைவிட மோசம், அதைத் தள்ளும் வாயுவே எரியக்கூடியது.

தக்கலை_தச்சன்

வாட்டர் டிராப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கம்ப்ரசர் குழாயில் சேரும் தண்ணீரைத்தான் பிடிக்கும், அறையின் ஈரத்தைக் குறைக்காது. ஆனாலும் நம்ம ஊரில் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கும் நடுவில் ஒரு சொட்டு துப்பி வைக்கும்.

மார்த்தாண்டம்_மினி

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். சில பூத்துகளில் “கரி ஃபில்டர் இருக்கிறது, வெளியே பைப் விடத் தேவையில்லை” என்று போட்டிருக்கிறான். எனக்கு ஜன்னலில் கை வைக்காமல் முடிந்தால் நல்லது. வாடகை வீடு.

முட்டம்_விளக்கு

உங்கள் வீட்டில் அது கூடாது. சாதாரண ஃபில்டர் பெயின்ட் தூளைப் பிடிக்கும், ஆவியை அப்படியே விட்டுவிடும். கரி ஆவியைப் பிடிக்கும், ஆனால் மெல்லிய கரி ஷீட் சீக்கிரம் நிறைந்துவிடும், நிறைந்தது கண்ணுக்குத் தெரியாது. குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சந்தேகத்தோடு அடிக்க முடியுமா? வெளியேதான் விட வேண்டும். உங்களுக்கும் கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வாங்குங்கள், என்95 தூளுக்கு மட்டும்தான்.

தக்கலை_தச்சன்

வாடகை வீடு என்றால் ஒரு கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அந்த அளவுக்கு பிளைவுட் துண்டு வெட்டி நடுவில் பைப்புக்கு ஓட்டை போடுங்கள். காலி செய்யும்போது கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிடலாம். ஜன்னல் எந்தத் திசை?

மார்த்தாண்டம்_மினி

மேற்கு.

தக்கலை_தச்சன்

அப்போ ஆடிக் காற்று நேரே பைப்புக்குள் ஏறும், ஃபேன் தள்ளியதை அறைக்கே திருப்பி அனுப்பும். வெளியே ஒரு பெண்டு போட்டு வாயைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். உள்பக்கம் ஒரு மூடி, ஃபேன் ஓடும்போது திறந்து, நின்றால் தானே விழுந்து மூடுகிற மாதிரி. மழைத் தண்ணீரும் ஏறாது. அடிக்கும்போது மகள் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும், எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உள்ளே வர வழியில்லாவிட்டால் எந்த பூத்தும் இழுக்காது.

மார்த்தாண்டம்_மினி

சரி, முடிவு செய்துவிட்டேன். எனக்கு மரவேலை வராது, அதனால் புளோயர் உள்ள பூத்தே வாங்குகிறேன். ஹோஸுக்குப் பதில் பிவிசி பைப். அது மாட்டி ஊதுபத்தி பார்க்கும்வரை ஏர்பிரஷ் பெட்டியில் இருக்கட்டும், சிப்பாய்களை பிரஷ்ஷிலேயே முடிக்கிறேன். லாக்கர், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு மட்டும்.

பழையாறு

குழந்தைக்காக என்றால் நான் மறுக்கவில்லை தம்பி. ஆனால் மாடியும் வீடும் காலியாக இருக்கிற ஆளுக்கு என் பதில் பழையதுதான். வாட்டர் டிராப்பையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள், தனியாக வாங்கினால் கூரியர் காசு தண்டம்.