எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்

வேளச்சேரியில் 1998இல் கட்டிய அடுக்ககத்தில் வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு 430 யூனிட்டாக இருந்த எங்கள் மின் பயன்பாடு, கடந்த இரு கணக்கெடுப்புகளிலும் 560ஐத் தாண்டிவிட்டது. ஏசியை 26 டிகிரியில் வைத்தோம், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை மாற்றினோம்; பயனில்லை.

விளக்கு, விசிறி அனைத்தையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிய பிறகும், ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு 12 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. அதாவது ஏறத்தாழ 94 வாட், இரண்டு மாதங்களில் 135 யூனிட். யாருக்கும் பயன்படாமல் இவ்வளவு மின்சாரம் வீணாவது, பணத்தைவிட அதிகமாக மனத்தை உறுத்துகிறது.

மின்பலகையில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக உள்ள பாதுகாப்பு ஸ்விட்சுகளை (எம்சிபி) ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்ததில், ஹால் இணைப்பை இறக்கும்போது மட்டும் மீட்டர் விளக்கின் சிமிட்டல் நிற்கிறது. வந்த எலக்ட்ரீஷியன்கள் இருவரும் சுவரை உடைத்துப் புது ஒயர் இழுக்கச் சொல்கிறார்கள். சுவரை உடைக்காமல், இது ஒயரில் ஏற்பட்ட கசிவா, மாடிப்படி விளக்கு போன்ற பொது இணைப்பு எங்கள் லைனில் சேர்ந்திருப்பதாலா என்பதை எப்படி உறுதிசெய்வது?