வதந்தி சரிபார்க்கும் தொலைபேசிச் சேவை: வரைபடமா, வட்ஸ்அப்பா, குறுஞ்செய்தியா?

வாவிக்கரை:
வணக்கம். அம்பாறை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் அடுத்தடுத்து இருக்கிற ஒரு பகுதியில், 12 கிராமங்களுக்கு ஒரு சேவை தொடங்க எங்கள் சர்வமதக் குழு யோசிக்கிறது. வதந்தி காதில் விழுந்தவுடன் அறிவித்து, உண்மை என்ன என்று கேட்டுக்கொள்ள ஓர் இலக்கம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதை இங்கே யாருக்கும் மறக்கவில்லை. கென்யாவின் உஷாஹிடி மாதிரி வரைபடம் வேண்டும் என்கிறார்கள் சிலர். வட்ஸ்அப் குழு ஒன்றே போதும் என்கிறார்கள் வேறு சிலர். தொண்டர்கள் 20 பேர், பணம் குறைவு. எதிலிருந்து தொடங்கலாம்?

தானாக்கரை:
உஷாஹிடி வேறு தேவைக்குப் பிறந்தது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் கலவரம் வெடித்து, நேரடி ஒளிபரப்புக்குத் தடை வந்த நேரத்தில், எங்கே என்ன நடந்தது என்று பதிய 2008 ஜனவரியில் எழுந்த வரைபடம் அது. 'சாட்சியம்' என்பதுதான் அந்தச் சுவாஹிலிச் சொல்லின் பொருள். நடந்ததைக் காட்டும், போய்த் தடுக்கிற ஆள் வெளியே இருக்க வேண்டும். அங்கே 2010 அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கு முன் வந்த ஊவியானோ என்ற திட்டத்தில், 108 என்ற இலக்கத்துக்கு இலவசமாக வரும் குறுஞ்செய்தி உள்ளூர்ச் சமாதானக் குழுக்களுக்கும் பொலிஸுக்கும் போனது. பலம் அந்தக் குழுக்களில் இருந்தது.

உங்களுக்கு நெருக்கமானது ஊனா ஹாகிகா, அதாவது 'உனக்கு நிச்சயமா?'. கென்யாவின் தானா டெல்டாவில் 2012 ஆகஸ்ட் முதல் பொகோமோ விவசாயிகளும் ஓர்மா மேய்ப்பர்களும் மோதி 100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தொடங்கிய சேவை. குறுஞ்செய்தி, அழைப்பு, ஊர்த் தொண்டர் என எந்த வழியில் வதந்தி வந்தாலும் நான்கு வேலை: பதிவு, முன்னுரிமை, சரிபார்ப்பு, கேட்டவருக்கே பதில். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது நான்காவதில். பதில் வராத இலக்கத்துக்கு மக்கள் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள்.

ஆகவே இலக்கத்தை அறிவிக்கும் முன் ஒரு தாளில் எழுதி முடிக்க வேண்டியது: ஒவ்வொரு கிராமத்துக்கும் யார் நேரில் போய்ப் பார்ப்பார், அவர் இல்லாவிட்டால் யார், இரவு 11 மணிக்குப் பொலிஸில் யாரை அழைப்பது. பள்ளிவாசல், விகாரை, கோவில், தேவாலயம், கிராம உத்தியோகத்தர் எல்லாரும் அந்தத் தாளில் இருக்கட்டும். 20 பேரில் 3 பேர் தொலைபேசியில் முறை மாறி இருந்தால் போதும், மற்றவர்கள் ஊரில்.

அலைவரிசை:
தொழில்நுட்பப் பக்கம் சொல்கிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழோ சிங்களமோ ஓர் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்குமான குறியீட்டு முறை) மாறி 70 இடமாகச் சுருங்கும். அதைத் தாண்டினால் துண்டு ஒன்றுக்கு 67, துண்டு தோறும் கட்டணம். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'வதந்தி' நமக்கு 4 எழுத்து, கணக்கில் 6. எனவே ஏழெட்டுச் சொல்லில் பதில் எழுதப் பழகுங்கள்.

இலவசக் குறுகிய இலக்கத்துக்கு ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியே பேச வேண்டும்; உங்கள் அளவுக்கு அது வேண்டாம். இரண்டு வலையமைப்பில் இரண்டு சிம், மிஸ் கோல் கொடுத்தால் திருப்பி அழைப்பது. தட்டச்சு செய்யத் தெரியாதவரும் பேசுவார். ஆனால் அதே சிம்மிலிருந்து நூற்றுக்கணக்கில் பதில் அனுப்பாதீர்கள், ஸ்பாம் என்று முடக்கப்படலாம். மொத்தமாக அனுப்ப நிறுவனத்தின் சேவையை வாங்குங்கள். அதில் அனுப்புநராக எண்ணுக்குப் பதில் பெயர் வரும், அதற்கு யாரும் பதில் எழுத முடியாது. உங்கள் இலக்கத்தைச் செய்தியின் முடிவில் போட மறக்கக்கூடாது.

மும்மொழி:
வட்ஸ்அப்பை மட்டும் நம்பவே வேண்டாம். கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது 2018 மார்ச்சிலும், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. வதந்தி பரப்புகிறவர் தடையைச் சுற்றிப்போகும் விபிஎன் செயலி போட்டுக்கொள்வார். உங்கள் மறுப்பு போய்ச் சேர வேண்டிய சாதாரண ஆள் போடமாட்டார். இன்னொன்று, குழுவில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க அது ஒன்றே போதும். ஒருவழி அறிவிப்புக்கு வட்ஸ்அப் சேனல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பின்தொடர்பவர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது.

வந்த படம், காணொளியைச் சரிபார்க்க, அனுப்பியவரிடம் மூலக் கோப்பை வட்ஸ்அப்பில் ஆவணமாக (document) அனுப்பக் கேளுங்கள். படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும்.

முன்னுரிமைக்கு ஐந்து கேள்வி: சொல்பவர் யார், கேட்பவர் ஏற்கெனவே பயத்தில் இருக்கிறாரா, சொன்னதில் 'அவர்கள் வருகிறார்கள்' என்ற தொனி உண்டா, அந்த இடத்தில் முன்பு மோதல் நடந்ததா, எந்த வழியாகப் பரவுகிறது. கென்யாவில் 2013 தேர்தலுக்கு முன் உமாத்தி திட்டம் இணையப் பேச்சைத் தரம் பிரித்தது இப்படியான அளவுகோலில்தான். கிகூயூ, லுவோ போன்ற மொழிகளில் ஆட்களே உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தக் கருத்தடை மாத்திரைக் கதையோடு பரவிய அம்பாறைக் காணொளியை நினைத்துப் பாருங்கள்: கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை, தலையாட்டியது ஒப்புதலாகிவிட்டது. இரு மொழியும் தெரிந்த ஒருவர் அன்றே பார்த்து விளக்கியிருக்கலாம். உணவை ஆராய்ந்து 'அப்படி எதுவும் இல்லை' என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது திகனை எரிந்துவிட்டிருந்தது. ஆய்வு முடிவுக்குக் காத்திருக்காமல், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 'விசாரிக்கிறோம், இதுவரை தெரிந்தது இது' என்று ஒரு வரி போக வேண்டும்.

மறுப்பு எழுதும்போது வதந்தியைத் தலைப்பில் திரும்பச் சொல்லாதீர்கள். உண்மை முதலில். சிங்களக் கிராமத்துக்கு அதை விகாரையிலிருந்து ஒருவர் சொல்லட்டும்.

வாவிக்கரை:
மிக்க நன்றி. வரைபடத்தை விட்டுவிடுகிறோம். பதிவேட்டில் இடத்தைக் குறிக்கலாம்தானே? சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

தானாக்கரை:
குறியுங்கள், ஆனால் வெளியே பகிரும் பிரதியில் அகலாங்கு, நெட்டாங்கை இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள். அது ஏறக்குறைய 1.1 கிலோமீற்றர், ஊர் தெரியும், வீடு தெரியாது. தகவல் தந்தவரின் பெயரும் இலக்கமும் வேறு கோப்பில், இரண்டு பேரிடம் மட்டும். வரைபடம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புள்ளி இல்லாத ஊர் அமைதியான ஊர் என்று எண்ணிவிடுவார்கள். அங்கே உங்களுக்குத் தொண்டர் இல்லாமலும் இருக்கலாம். வாரம் ஒருமுறை செய்தியே வராத கிராமங்களுக்கு நீங்களே அழையுங்கள்.

சட்டத்துக்கு, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்க் கூற்றுகள் பற்றிய குற்றங்கள் உண்டு. வதந்தியின் காணொளியை மறுப்போடு சேர்த்து நீங்களே மீண்டும் பரப்ப வேண்டாம். தொடங்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் உங்கள் மறுப்பு மாதிரிகளைக் காட்டிவிடுங்கள்.