காலைல ஸ்டார்ட் பண்ணா வண்டி தானா ரேஸ் ஆகுதா? உங்க அனுபவத்த சொல்லுங்க

குடமுருட்டிக்கரை:
ரெண்டு மார்கழி போயிடுச்சு, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். திருவையாறு பக்கம் நம்ம ஊரு. பழைய கியர் வண்டிய குடுத்துட்டு ஆட்டோமேட்டிக் எடுத்து அப்ப 12 நாள்தான் ஆவுது. மச்சினன திருச்சி ஏர்போர்ட்ல விடணும், விடிகாலை 5 மணி, தெருவே பனியில முழுகிக் கெடக்கு. ஸ்டார்ட் பண்ணேன், இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டுற ஆர்பிஎம் முள்ளு சர்ருன்னு 1500-ல போயி நிக்குது, நான் கால வைக்கவே இல்ல. எதிர்வீட்டு அப்பாயி குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருக்காங்க. நேரமாச்சேன்னு D போட்டு பிரேக்க லேசா விட்டேன் பாருங்க, மத்த நேரத்துல எறும்பு மாதிரி ஊர்ற வண்டி யாரோ பின்னாலேர்ந்து புடிச்சு தள்ளுன மாதிரி பாஞ்சுச்சு. மிதிச்சேன், நின்னுச்சு. எங்க நின்னுச்சுன்னா பாதி கோலத்த அழிச்சுட்டு சாணி உருண்டையில சொருகி வச்ச பூசணிப்பூ மேல முன் டயர். அப்பாயி மாவு கிண்ணத்தோட நிமிர்ந்து என்னையே பாத்தாங்க. திட்டல. அதான் பிரச்சினையே, திட்டியிருந்தாங்கன்னா அன்னிக்கே மறந்திருப்பேன்.
சர்வீஸ்ல கேட்டா "அது நார்மல் சார்"ன்னு முடிச்சுட்டாங்க. உங்க யாருக்காவது?

மன்னை_மாப்ள:
எங்கப்பா 30 வருஷம் டிராக்டர் ஓட்டுனவரு. புது வண்டி வந்த மொத நாள் பக்கத்துல உக்காந்தாரு, நான் ஸ்டார்ட் பண்ணதும் குனிஞ்சு என் காலப் பாத்துட்டு "ஏன்டா ஆக்சிலேட்டர மிதிச்சிக்கிட்டே இருக்க"ன்னாரு. ரெண்டு காலையும் தூக்கி சீட்டுல சம்மணம் போட்டு காட்டுனேன். மனுசன் நம்பல, கீழ கைய விட்டு தடவிப் பாக்குறாரு. ஒரு நிமிஷத்துல முள்ளு மெதுவா 800-க்கு எறங்குச்சா, "போச்சு, ஆஃப் ஆவப் போவுது, ரேஸ் பண்ணு ரேஸ் பண்ணு"ன்னு கத்துறாரு. இன்னிக்கு வரைக்கும் வீட்டுல அதுக்கு பேய் வண்டின்னுதான் பேரு.
குடமுருட்டி அண்ணே, எல்லா வண்டியும் இப்படித்தான், கவலைய விடுங்க.

எலிவளை:
"எல்லா வண்டியும் இப்படித்தான்" இந்த ஒரு வார்த்தைய நம்பித்தாங்க நான் மூணு மாசம் சும்மா இருந்தேன். தயவுசெஞ்சு இப்படி பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க மாப்ள.
திருத்துறைப்பூண்டி பக்கம் நாங்க. சம்பா அறுப்பு முடிஞ்சா வயல்ல இருக்க எலி பூரா எங்க வரும்? வீட்டுக்கு. வீட்டுல பூனை இருந்தா? பானட்டுக்குள்ள. காலைல ஸ்டார்ட் பண்ணா 1800, சரி சூடானா எறங்கிரும்னு பாத்தா திருவாரூர் போய் சேர்ற வரைக்கும் எறங்கல, தேரடிகிட்ட நிக்குறேன், வண்டி நின்ன எடத்துலயே கத்துது, பக்கத்துல இளநீ வெட்டுறவரு வெட்டுறத நிறுத்திட்டு பாக்குறாரு. ஒருத்தரு சென்சாருன்னாரு, இன்னொரு எடத்துல இன்ஜினுக்கு காத்த அளந்து விடுற த்ராட்டில் பாடியே மாத்தணும்னு ஒரு தொகை சொன்னாங்க, அத இங்க எழுதுனா எனக்கே வயிறு எரியும்.
கடைசியா ஊர்லயே ஒரு வயசான மெக்கானிக். வண்டி ஓடும்போதே பானட்ட தூக்கி வச்சுட்டு ஒண்ணும் பண்ணாம காத குடுத்து கேட்டாரு. ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், எனக்கு அதுவரைக்கும் கேக்கவே இல்ல. கைய உள்ள விட்டு ஒரு ரப்பர் ஹோஸ் மேல கட்டைவிரல வச்சு அழுத்துனாரு, வண்டி கப்புன்னு அமைதியாயிருச்சு. விரல எடுத்தாரு, திரும்ப கத்துச்சு. மறுபடி வச்சாரு, அமைதி. என்னைப் பாத்து சிரிக்கிறாரு. எலி கடிச்ச ஓட்டை, அது வழியா கணக்குல வராத காத்து இன்ஜினுக்குள்ள போயிருக்கு. ஏர் ஃபில்டர தொறந்தா ஒரு கைப்பிடி நெல்லு, கொஞ்சம் வைக்கோல், குடும்பமே நடத்திருக்கு. ஹோசு ஒரு சாண் நீளம், ஒரு பிரியாணி காசு கூட ஆகல.
காலைல ஏறி பெறவு எறங்குனா அது வண்டியோட கொணம். எறங்கவே இல்லன்னா தொறந்து பாருங்க.

பாவநாசம் 2 ஸ்ட்ரோக்:
கார் கதையா போவுது. நம்மள்து கார்புரேட்டர் பைக்கு. மழை நாளு, ஆறிக்கெடக்குற இன்ஜினுக்கு பெட்ரோல கூட்டிக் குடுக்குற சோக்க இழுத்து விட்டு ஸ்டார்ட் பண்ணேன், போன் வந்துச்சு பேசிட்டு ஏறிட்டேன், கும்பகோணம் வரைக்கும் சோக்க உள்ள தள்ளவே இல்ல. வழியெல்லாம் இன்னிக்கு வண்டி என்னா இழுவைன்னு பெருமை வேற. மகாமகக் குளத்துகிட்ட நின்னுருச்சு, பிளக்க கழட்டுனா கரிச்சட்டி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் புது புகை விதிப்படி வந்த பிஎஸ்6 பைக்குல பெரும்பாலும் இன்ஜெக்ஷன் வந்துருச்சு, அதுல சோக்கே இல்லன்னு பசங்க சொல்றானுவ. மறக்குறதுக்கும் ஒண்ணும் இல்ல.

ஓம்மீட்டர்:
எல்லாத்தையும் படிச்சேன். என் கதை சின்னது, கடைக்கு ஒரு கார் வந்துச்சு, ஐப்பசி மழையில தண்ணி நின்ன தெருவுல கெடந்த வண்டி. காலைல 1500, மதியமும் 1500. வண்டி கம்ப்யூட்டர படிக்கிற ஸ்கேனர போட்டேன், கூலன்ட் (இன்ஜின ஆத்துற தண்ணி) டெம்பரேச்சர் -40 டிகிரின்னு காட்டுது. கும்பகோணத்துல -40! சென்சார் கனெக்டர் உள்ள பச்சையா பாசி மாதிரி அரிச்சு வயர் விட்டுப்போச்சு. அவ்வளவுதான்.
ஆனா அடிப்படை யாருக்கும் புரியலன்னு தோணுது அதனால சொல்றேன். நம்மூர்ல மார்கழி காலைல 20, 22 டிகிரி, இதெல்லாம் ஒரு குளிரான்னு கேப்பீங்க. இன்ஜினுக்கு சொகமான சூடு 90 டிகிரி பக்கம், ராத்திரி பூரா நின்ன வண்டிக்கு சித்திரை மாசத்து 28 டிகிரியும் குளிருதான். காயாத தோசைக்கல்லுல மாவ ஊத்துனா என்னாகும், அது மாதிரி ஆறிக்கெடக்குற இன்ஜின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, பாதி செவுத்துல ஒட்டிக்கும். ஆயிலும் கெட்டியா இருக்கும். அதனால கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டி காத்தையும் கூட்டி தூக்கிப் புடிக்குது. இன்னொண்ணு, சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி ஏறுனாத்தான் வேலை செய்யும். அத சீக்கிரம் காய வைக்க ஸ்பார்க்க வேணும்னே தாமதமா குடுக்கும், சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போவும், அதுல கொறையிற இழுவைக்கு சேத்துதான் இன்னும் காத்து. பழைய அம்பாசிடர்ல டேஷ்போர்டுல சோக் குமிழ நீங்க இழுத்தீங்க, இப்ப அதுவே இழுத்துக்குது.
எவ்ளோ குளிருன்னு அதுக்கு சொல்றது அந்த கூலன்ட் சென்சார். பெரும்பாலான வண்டில அதோட மின்தடை 20 டிகிரில 2000-லேர்ந்து 3000 ஓம், 80-90 வந்தா சில நூறு ஓம். ஓம் அளக்குற மீட்டர் இருந்தா நீங்களே பாக்கலாம். கூலன்ட் சூடா இருக்கப்ப மட்டும் சென்சார கழட்டிறாதீங்க, மூஞ்சில அடிக்கும்.
முள்ளு எறங்க 10 நிமிஷம் வாசல்ல ஓட விட்டு பேப்பர் படிக்கிறவங்களுக்கு: தேவையில்ல, பெட்ரோலுக்குத்தான் கேடு. ஒரு நிமிஷம் போதும், பெறவு மெதுவா எடுங்க, ஓடுனாத்தான் சீக்கிரம் சூடாகும். குடமுருட்டி சார், உங்களுது ஆட்டோமேட்டிக், ஐடில் (கால வைக்காதப்ப இன்ஜின் சுத்துற வேகம்) ஏறி இருக்கப்ப, இன்ஜின் சுத்த கியருக்கு கடத்துற டார்க் கன்வெர்ட்டர் கூடுதலாத் தள்ளும். முள்ளு கொஞ்சம் எறங்குனப்புறம் D போடுங்க, அதுவரைக்கும் பிரேக்க அழுத்தி மிதிச்சிருங்க. அப்புறம் த்ராட்டில் பாடி கிளீன் பண்ணா ஐடில திரும்ப செட் பண்ண சொல்லுங்க, நெறைய பேரு அத பண்றதில்ல, அதுக்கப்புறம்தான் உண்மையான ரேஸ் ஆரம்பிக்கும்.

வேதாரண்யம் உப்பு:
ஓம்மீட்டர் சார் பாடம் நடத்திட்டாரு, சரி. ஆனா ஒண்ண விட்டுட்டீங்க, இன்ஜின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம புடிச்சு வைக்கிற வால்வு, தெர்மோஸ்டாட். எனக்கு எரியிறது அதுதான்.
ஒரு கோடையில வண்டி ஹீட் ஆச்சு. கொண்டு போனா "நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே, அது குளிர் நாட்டுக்காரனுக்கு"ன்னு சொல்லி கழட்டி என் கையில குடுத்துட்டாரு. நானும் தலைய ஆட்டுனேன், அதுதான் இன்னும் குடையுது. அப்புறம் பாத்தா வேதாரண்யத்துலேர்ந்து நாகப்பட்டினம் போறேன், கடக்காத்து மொகத்துல அடிக்குது, சூடு முள்ளு கீழயே படுத்துக் கெடக்கு. ஐடில் முழுசா எறங்கல, மைலேஜ் தரைய தட்டுது. தண்ணி நிக்காம ரேடியேட்டருக்கே ஓடிக்கிட்டு இருந்தா இன்ஜின் எப்படி சூடாகும்? அதுக்கு நாள் பூரா மார்கழி காலைதான். கடைசில பாத்தா ஹீட் ஆனதுக்கு காரணம் ஃபேன் மோட்டார். அந்த கழட்டுன தெர்மோஸ்டாட்ட டூல் பாக்ஸ்ல போட்டு வச்சிருக்கேன், தொறக்குறப்பல்லாம் கண்ணுல படுது.

மன்னை_மாப்ள:
உப்பு அண்ணே, எங்க வண்டியிலயும் கழட்டி 2 வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆவலயே?

வேதாரண்யம் உப்பு:
மைலேஜ் எவ்ளோ குடுக்குது சொல்லுங்க.

மன்னை_மாப்ள:
...அது கொறச்சல்தான். பேய் வண்டி கொறச்சலாத்தான் குடுக்கும்னு நெனச்சேன்.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. இப்பல்லாம் முள்ளு எறங்குற வரைக்கும் ஒத்தக் கால்ல பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், மனைவி சிரிக்கிறாங்க. எங்க வண்டில சென்சாரும் சரி ஹோசும் சரி, பாத்தாச்சு, அது கொணமேதான்.
இந்த மார்கழி மொத நாள் கதவ தொறந்து பாக்குறேன், அப்பாயி கோலத்துக்கு எங்க வீட்டுப் பக்கமா மட்டும் ரெண்டு செங்கல நட்டு வச்சிருக்காங்க. அதுக்கும் செம்மண் பூசி மேல ஒரு பூசணிப்பூ.