பூச்சந்தை ஓவியம்: எண்ணெய் வண்ணத்தில் பூக்களின் நிறம் செத்துப்போகிறது, உதவுங்கள்

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணிப் பக்கத்துப் பூக்கடைகளை 18×24 அங்குல கேன்வாஸில் வரைகிறேன். நீலத் தார்ப்பாய், அடியில் செண்டுமல்லி, அரளி, மல்லிகைக் குவியல்கள், சுற்றிலும் ஆட்கள். மூன்று சிக்கல்கள். மஞ்சள் செண்டுமல்லிக்கு நிழல் வைக்கக் கருப்பு கலந்தால் பாசி நிறமாகிறது. வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு அடித்தது போலாகிறது. காய்ந்த பிறகு இருண்ட இடங்கள் திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரிகின்றன. கையில் இருப்பவை: டைட்டேனியம் வெள்ளை, கேட்மியம் மஞ்சள், வெர்மிலியன் (சிவப்பு), அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ஐவரி பிளாக் (கருப்பு).

பதில் 1: ஐவரி பிளாக்கில் நீலச் சாயல் உண்டு. மஞ்சளோடு சேர்ந்தால் பச்சைதான் வரும். கருப்பை எடுத்து வைத்துவிடுங்கள். மஞ்சள் பூவின் நிழலுக்கு அதே மஞ்சளில் கொஞ்சம் வெர்மிலியன், இன்னும் இருட்ட வேண்டுமானால் பர்ன்ட் சியன்னா. கூடைக்கு அடியில் உள்ள ஆழ்ந்த இருட்டுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சரிபாதி. நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த இருட்டு, சியன்னாவைக் கூட்டினால் சூடான இருட்டு.

வெள்ளை கலந்தால் நிறம் வெளுப்பதோடு குளிர்ந்தும் போகும். ஆரஞ்சுப் பூக்களை வெளிச்சமாக்க மஞ்சளைச் சேருங்கள். வெள்ளை, வெயில் நேராகப் படும் நுனி இதழ்களுக்கு மட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தார்ப்பாய் வழியாக இறங்கும் ஒளி நீலம். அதில் ஆரஞ்சு உண்மையிலேயே மங்கும், மல்லிகை இளநீலமாகத் தெரியும். ஆகவே எல்லாக் குவியலையும் பளபளக்க வைக்காதீர்கள். இரண்டு தார்ப்பாய்களுக்கு இடையே வெயில் விழும் ஒரு குவியலுக்கு மட்டும் மஞ்சளும் வெர்மிலியனும் மட்டும் கலந்த தெளிவான ஆரஞ்சைக் கொடுங்கள். பக்கத்தில் நீல நிழல் இருந்தாலே அது எரியும். இரண்டையும் ஒட்டி வையுங்கள், தேய்த்துக் கலக்காதீர்கள். சூடான நிறங்களுக்கு ஒரு தூரிகை, குளிர்ந்தவற்றுக்கு ஒன்று.

பதில் 2: திட்டுத்திட்டாக வெளுப்பது, எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சிவிடுவதால். மலிவான கேன்வாஸின் அக்ரிலிக் பூச்சில் இது அதிகம். வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைன் மிஞ்சினாலும் வரும். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், பஞ்சு உதிராத துணியால் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஆழம் திரும்பி வரும். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

அடுத்த படத்துக்கு: முதல் அடுக்கு வண்ணத்தோடு டர்பன்டைன் மட்டும், இரண்டாவதில் இரண்டு பங்கு டர்பன்டைனுக்கு ஒரு பங்கு எண்ணெய், மூன்றாவதில் சரிபாதி. தலைகீழாகச் செய்தால் மேலடுக்கு முதலில் இறுகி, பிறகு வெடிக்கும்.

கேட்டவர்: நன்றி. கருப்பில்லாமல் கலந்ததும் மஞ்சள் பிழைத்துவிட்டது. அரளியின் ரோஜா நிறம்தான் வரவில்லை. வெர்மிலியனும் வெள்ளையும் கலந்தால் செங்கல் தூள் மாதிரி இருக்கிறது.

பதில் 1: வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதிலிருந்து அரளி வராது. குவினாக்ரிடோன் ரோஸ் ஒரு சிறு டியூப் வாங்குங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு வேண்டாம், வெள்ளை கலந்த மெல்லிய பூச்சில் அது காலப்போக்கில் வெளிறும்.

பதில் 3: ஆட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கண், மூக்கு வரையாதீர்கள். தலை ஒரு திட்டு, சேலை இரண்டு மூன்று வீச்சு போதும். குனிந்து பூ அள்ளுபவரின் தாடைக்கு அடியில் மட்டும் பர்ன்ட் சியன்னாவில் துளி ஆரஞ்சு வையுங்கள். குவியலிலிருந்து எதிரொளிக்கும் நிறம் அது. முகமும் பூவும் ஒரே இடத்தில் இருப்பது அப்போதுதான் தெரியும்.